பழைய பொருட்களால் அலங்கரித்த வீட்டில் தவழும் குழந்தை: எதை வைக்கலாம், எதை எடுத்துவிட வேண்டும்?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பல வருடம் வாடகை வீடுகளில், சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டு வாழ்ந்தவர். இப்போது சொந்த வீடு. புதிதாக வாங்கி அலங்கரிக்கக் கையில் பணம் இல்லை. அதனால் பழைய பொருள் கடைகளில் தேடித் தேடிச் சின்னச் சின்ன சாமான்களாகச் சேர்த்திருக்கிறார்: பெயின்ட் அடித்த மரச் சட்டங்கள், பித்தளைப் பொம்மைகள், சுவரில் மாட்டும் வண்ணப் பீங்கான் தட்டுகள், ஒரு கண்ணாடி, கிரிஸ்டல் ஜாடி, மேசைக் கடிகாரம், அலமாரிக்கு அழகாக இருக்கும் என்று பச்சைத் துணி அட்டை போட்ட பழைய புத்தகங்கள், பேட்டரியில் எரியும் மெழுகுவத்திகள். குழந்தைக்கு 1 வயது 2 மாதம். அடுத்த குழந்தையும் வயிற்றில், இது நான்காவது மாதம். சட்டங்களை ஹாலிலேயே உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துப் புது பெயின்ட் அடித்திருக்கிறார். போன வாரம் ஒரு சட்டத்தின் மூலையைக் குழந்தை கடித்துக்கொண்டிருந்ததைக் கணவர் பார்த்துவிட்டார். இணையத்தில் எதையோ படித்தவர், "ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றையும் குப்பையில் போடு" என்கிறார். "யார் யாரோ வைத்திருந்த சாமான், அதனால்தான் பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது" என்பது மாமியாரின் கருத்து.

வாசகியின் கேள்விகள் இவை: சோப்பும் வினிகரும் போட்டுக் கழுவினால் போதாதா? மேலே வார்னிஷ் அடித்துவிட்டால்? குழந்தை நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடிக்கொண்டிருக்கிறது, அப்படியென்றால் ஒன்றும் ஆகவில்லை என்றுதானே அர்த்தம்? கடிகாரத்தின் எண்கள் முன்பு இருட்டில் ஒளிருமாம், இப்போது ஒளிரவில்லை, அதில் பயப்பட ஒன்றும் இல்லையே?

அன்புள்ள வாசகிக்கு,

"இது தேவையில்லாத ஆசைதானே டாக்டர்?" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வளரும் குழந்தைக்கு அழகான வீடு நல்லது, அந்த வீட்டை விரும்பி அமைக்கும் அம்மா அதைவிட நல்லது. நீங்கள் சேர்த்தவற்றில் பெரும்பாலானவை உங்களிடமே இருக்கலாம். அதனால் கணவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக் கெடுவை முதலில் தள்ளிவையுங்கள். ஆனால் ஒரு விஷயத்தை இன்றைக்கே நிறுத்த வேண்டும். அது உப்புத்தாள்.

பொருள் பழசாக இருப்பதாலேயே யாருக்கும் நோய் வருவதில்லை. அதிலிருந்து எது உதிர்கிறது, உதிர்ந்தது யார் வாய்க்குப் போகிறது என்பதுதான் கேள்வி. பழைய பெயின்ட்களில் காரீயம் (லெட்) என்ற உலோகம் நிறைய இருந்தது. சீக்கிரம் காயும், ஈரத்தைத் தாங்கும், வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று இருக்கும் என்பதால் கலந்தார்கள். அது விஷம் என்பது அப்போதே தெரியாமல் இல்லை. 1921-லேயே வெள்ளைக் காரீயப் பெயின்டைக் கட்டுப்படுத்த ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்துவிட்டது. அப்படியும் அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டுக்கான தடை 1978-இல்தான் வந்தது. இன்றும் எல்லா நாடுகளிலும் சட்டம் ஒரே மாதிரி இல்லை. ஆகவே எந்த ஊரில், எந்த வருடம் செய்தது என்று தெரியாத பெயின்ட் பூசிய பொருளில் காரீயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதே சரி.

அந்தப் பெயின்ட் கெட்டியாகச் சுவரில் தொங்கும்வரை பெரிய தொல்லை இல்லை. உப்புத்தாளால் தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூசாகிறது. தரையில், சோபாவில், பொம்மைகளில் படிகிறது. தவழும் குழந்தை அதில் கை வைக்கிறது, அந்தக் கை வாய்க்குப் போகிறது. ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனாலும் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைவான குழந்தை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். குழந்தை தூங்கும்போதுதான் தேய்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எழுந்திருக்கும்போது தூசு அங்கேயேதான் இருக்கும். மேலும், தேய்த்தவர் நீங்கள். மூச்சில் உள்ளே போனது நஞ்சுக்கொடி வழியாக வயிற்றுக் குழந்தைக்கும் போய்ச் சேரும்.

இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் அழ வேண்டாம். அந்தப் பெயின்டில் காரீயம் இருந்ததா என்பதே இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

முதல் வேலை: ரத்தப் பரிசோதனை

குழந்தைக்கு ரத்தத்தில் காரீய அளவு பார்க்கும் பரிசோதனையை இந்த வாரமே செய்யச் சொல்லி உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். உங்களுக்கும் செய்யச் சொல்லி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். வெட்கப்படாமல், "வீட்டில் பழைய பெயின்டை உரசினேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும், அவர்களுக்குப் புரிந்துவிடும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில், தோலில் ஒட்டிய தூசே கலந்து அளவை ஏற்றிக் காட்டலாம். அதில் கூடுதலாக வந்தால் ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்து உறுதி செய்வார்கள். தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. ரத்தத்தில் சேர்ந்த காரீயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகக் குறைகிறது, ஒரு பகுதி எலும்புக்குள் போய்த் தங்கிவிடுகிறது. எலும்பில் தங்கியது பல வருடம் கழித்தும் வெளியே வரலாம், கர்ப்ப காலத்தில் குறிப்பாக.

குழந்தை ஓடியாடுகிறது, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்ற நம்பிக்கையை மட்டும் நான் கொஞ்சம் திருத்த வேண்டும். குறைந்த அளவு காரீயத்துக்கு வெளியில் தெரியும் அறிகுறி பெரும்பாலும் இருக்காது. வயிற்று வலி, மலச்சிக்கல், சோர்வு எல்லாம் அளவு ஏறிய பிறகு வருபவை. அதற்கு முன்பே கவனிக்கும் திறனும் கற்கும் திறனும் பாதிக்கப்படலாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் 3.5-லேயே கவனிக்கத் தொடங்கச் சொல்கிறது. காரீயத்தை வெளியேற்றும் மருந்து பொதுவாக 45-க்கு மேல்தான் தேவைப்படும். அதற்குக் கீழே இருந்தால் மூலத்தை நிறுத்துவது, இரும்பும் கால்சியமும் சரியாகக் கொடுப்பது, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்பது, இவைதான் வைத்தியம். ஆக, கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் கையைப் பிசைந்து நிற்க வேண்டிய நிலைமை இல்லை.

இரண்டாவது: அந்தத் தூசு

துடைப்பம் வேண்டாம். சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம், நுண்ணிய தூசை அது பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். நுண்ணிய தூசையும் பிடித்துக்கொள்ளும் ஹெப்பா ஃபில்டர் உள்ளது கிடைத்தால் பயன்படுத்தலாம். இல்லையென்றால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணிதான் சிறந்தது. ஜன்னல் விளிம்பு, சுவரோரம், சோபாவின் அடி எல்லாம் துடைத்து, அந்தத் துணிகளை ஒரு பையில் கட்டி எறிந்துவிடுங்கள். வேறு துணியால் இன்னொரு முறை துடையுங்கள். தேய்க்கும்போது உடுத்தியிருந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். குழந்தையின் பொம்மைகளைக் கழுவுங்கள். இந்த வேலையை நீங்கள் செய்யக் கூடாது. உங்கள் கணவர் சரியான மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யட்டும், நீங்களும் குழந்தையும் அந்த நேரம் வீட்டில் இல்லாமல் இருங்கள். எல்லாவற்றையும் எறியத் தயாராக இருக்கிற அவருடைய வேகத்துக்கு இது நல்ல வேலை.

கழுவுவது, வினிகர், வார்னிஷ்

கழுவினால் மேலே ஒட்டியிருக்கும் அழுக்கு போகும். பெயின்டுக்குள்ளும் பீங்கான் மேல்பூச்சுக்குள்ளும் இருக்கும் காரீயம் கழுவிப் போகாது. வினிகர் இன்னும் மோசம். அது அமிலம். பழைய பீங்கான் பூச்சிலிருந்து காரீயத்தை இழுத்து வெளியே கொண்டுவரும் வேலையை அமிலம்தான் செய்கிறது. வண்ணத் தட்டுகளை இனி சோப்புத் தண்ணீரில் மட்டும் துடையுங்கள்.

வார்னிஷ் பாதி உண்மை. பெயின்ட் உரியாமல், கை எட்டாத உயரத்தில் சுவரில் தொங்கும் சட்டத்துக்கு வார்னிஷ் ஒரு மூடியாக இருக்கும், சரி. ஆனால் குழந்தை கடிக்கக்கூடிய, உரசுப்படக்கூடிய இடத்தில் இருந்தால் அந்த மூடி சீக்கிரமே தேயும். குழந்தை கடித்த அந்தச் சட்டத்தை மட்டும் பையில் போட்டுக் கட்டி வெளியேற்றிவிடுங்கள். ஏற்கெனவே தேய்த்த மற்றவற்றை ஈரத் துணியால் துடைத்து உயரத்தில் மாட்டலாம். உரிந்துகொண்டிருப்பது எதுவானாலும் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும். உரிந்த பெயின்டின் பழமைத் தோற்றம் பலருக்குப் பிடிக்கிறது என்பது எனக்குத் தெரியும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அது பொருந்தாது.

துடைத்தால் நிறம் மாறும் பரிசோதனைக் குச்சிகள் கிடைக்கின்றன. நிறம் மாறினால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். மாறாவிட்டால் நிம்மதி கொள்ளாதீர்கள், மேல் அடுக்கைத்தான் அது பார்த்திருக்கிறது. நீங்கள் புதிதாக அடித்த பெயின்டுக்கு அடியில் இருப்பது அதற்குத் தெரியாது. எக்ஸ்ஆர்எஃப் என்ற கருவியால் பொருளைச் சேதப்படுத்தாமல் உள்ளே வரை பார்க்க முடியும். அந்த வசதி எட்டும் தூரத்தில் இருந்தால், மிகவும் பிடித்த ஒன்றிரண்டு பொருள்களுக்கு அது தகும்.

உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் உறுத்துவது

பேட்டரி மெழுகுவத்திகள். நீங்கள் போகிறபோக்கில் ஒரு சொல்லில் எழுதியிருந்தீர்கள், எனக்கு அங்கேதான் கண் நின்றது. அவற்றில் பெரும்பாலும் பட்டன் பேட்டரி இருக்கும். பழைய இசைப் பெட்டி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, குட்டி விளக்கு எல்லாவற்றிலும் அப்படித்தான். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பேட்டரி குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கினால், எச்சில் வழியாக மின்சாரம் ஓடி அங்கே காரம் உண்டாகித் திசுவை அரிக்கத் தொடங்கும். 2 மணி நேரத்துக்குள் ஆழமான புண் ஆகிவிடலாம். விளக்கை எரிய வைக்க முடியாத தீர்ந்த பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் இருக்கும். குழந்தை அழாமல்கூட இருக்கலாம். எச்சில் வடிவது, சாப்பிட மறுப்பது, இருமல் என்று சாதாரணமாகவே தொடங்கும்.

பழைய பொருளில் பேட்டரிக் கதவின் ஸ்க்ரூ தொலைந்திருக்கும், அல்லது மூடி தளர்ந்திருக்கும். ஸ்க்ரூ போட்டு இறுக மூடும் கதவு இல்லாத எதுவும் வீட்டில் இருக்க வேண்டாம். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். சின்னச் சின்னக் காந்தங்களும் இதே வகை. இரண்டு காந்தங்கள் விழுங்கப்பட்டால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு துளை போட்டுவிடும்.

காரீயம் மெதுவாகச் செய்யும் தீங்கு, பேட்டரி ஒரே மாலையில் செய்யும் தீங்கு. எல்லாரும் முதலாவதைப் பற்றியே பயப்படுகிறார்கள் என்பதால் இதை இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

மற்ற பொருட்கள்

கிரிஸ்டல் ஜாடி: காரீயக் கிரிஸ்டலில் எடையில் 24 சதவீதமோ அதற்கு மேலோ காரீய ஆக்சைடு இருக்கும். வெளிச்சத்தை அவ்வளவு அழகாக உடைப்பது அதனால்தான். அலமாரியில் நிற்கும்வரை யாருக்கும் தீங்கில்லை. அதில் பழச்சாறோ தண்ணீரோ ஊற்றி வைக்காதீர்கள். பீங்கான் தட்டுகளுக்கும் இதே விதி: சுவரில் மாட்டலாம், சாப்பாடு வைக்கக் கூடாது. வண்ணப் பூச்சுள்ள பழைய சாடியில் சமையலுக்கான கீரையோ மூலிகையோ வளர்க்கவும் வேண்டாம்.

பித்தளை: பல பித்தளைகளில் வெட்டிக் கடைவதற்கு எளிதாகக் கொஞ்சம் காரீயம் சேர்த்திருப்பார்கள். தொட்டால் ஒன்றும் ஆகாது, வாயில் வைக்கத்தான் கூடாது. உயரத்தில் வையுங்கள். பளபளப்பாக்கும் வேலையைக் குழந்தையின் கண் முன்னால் செய்யாதீர்கள், பிறகு கையைக் கழுவுங்கள்.

கடிகாரம்: இதில் உங்கள் ஊகம் தலைகீழாக இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒளிரும் எண்களுக்கு, கதிர்வீச்சை வெளியிடும் ரேடியம் என்ற உலோகம் கலந்த பூச்சு பயன்பட்டது. ஒளிர்வது ரேடியம் அல்ல, அதனோடு கலந்திருக்கும் துத்தநாகச் சேர்மம். அது சில வருடங்களில் கெட்டுப்போய் ஒளி நின்றுவிடும். ரேடியமோ பாதியாகக் குறையவே சுமார் 1600 வருடம் எடுத்துக்கொள்ளும். பின்னால் வந்த கடிகாரங்களில் ரேடியம் இல்லாத பூச்சுகளும் உண்டு, உங்களுடையது எந்த வகை என்று பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணாடி மூடி உடையாமல் இருந்தால் ஒரு மூலை அலமாரியில் அது இருப்பதால் உங்களுக்கு நேரும் ஆபத்து மிகக் குறைவு. படுக்கைக்குப் பக்கத்தில் வேண்டாம். எந்தக் காரணம் கொண்டும் திறக்காதீர்கள், எண்களைச் சுரண்டாதீர்கள். மூடி விரிசல் விட்டிருந்தால் மூடிய பையில் போட்டு, ஆபத்தான கழிவுகளை வாங்கும் உள்ளூர் அமைப்பிடம் ஒப்படையுங்கள்.

பச்சைப் புத்தகங்கள்: 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரகதப் பச்சை நிறம் கொடுக்க ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த சாயம் பயன்பட்டது. அமெரிக்காவில் விண்டர்தூர் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு நிபுணர்கள் 2019-இல் தொடங்கி இத்தகைய அட்டைகளைக் கண்டறிந்து பட்டியலிட்டு வருகிறார்கள். முதல் பக்கத்தில் பதிப்பித்த வருடத்தைப் பாருங்கள். 20-ஆம் நூற்றாண்டுப் புத்தகம் என்றால் இந்தப் பச்சையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. 1800-களில் வந்தது என்றால் பையில் போட்டு மூடி உயரத்தில் வையுங்கள், கையுறை இல்லாமல் புரட்டாதீர்கள்.

சுவர்க் கண்ணாடி: வெள்ளி பூசும் முறை வருவதற்கு முன்பு கண்ணாடிகளில் பாதரசமும் வெள்ளீயமும் சேர்த்துப் பூசினார்கள். உங்களுடையது அவ்வளவு பழசாக இருக்க வாய்ப்பு குறைவு. சட்டத்தின் கீழ் விளிம்பில் வெள்ளித் துளிகள் தென்பட்டால் மட்டும் நிபுணரைக் கேளுங்கள். கண்ணாடியைப் பொறுத்தவரை எனக்கு முக்கியமாகப் படுவது அதன் எடை. இரண்டு இடத்தில் சுவரோடு திருகிப் பொருத்துங்கள், சும்மா சாய்த்து வைக்காதீர்கள். கனமான பூச்சாடியின் அடியில் தொங்கும் துணி விரிப்பையும் எடுத்துவிடுங்கள். குழந்தை அதைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கும்.

மாமியாரின் கவலை

சளிக்கும் இந்தச் சாமான்களுக்கும் நேரடித் தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவு. இந்த வயதில் வருடத்துக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சாதாரணம். அவரிடம் இதை வாதமாகச் சொல்லாமல், டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் அவர் கவலையில் ஒரு நியாயமும் இருக்கிறது. பூஞ்சை வாடை அடிக்கும் புத்தகமும் மெத்தைத் துணியும் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தும்மலும் இருமலும் தரலாம். மூட்டைப்பூச்சி இன்னொருவர் வீட்டிலிருந்து வருவது உண்மைதான். படச் சட்டத்தின் மூலை இணைப்பு, பிரம்புக் கூடையின் இடுக்கு, புத்தகத்தின் முதுகு, இவையெல்லாம் அது ஒளியும் இடங்கள். பல மாதம் உணவில்லாமல் கிடக்கும். நோய் பரப்புவதாக ஆதாரம் இல்லை, ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும். துணிகளை அதிகச் சூட்டில் ட்ரையரில் 30 நிமிடம் போட்டால் சாகும். சின்னப் பொருட்களைப் பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 4 நாள் வைத்தாலும் சாகும். வாங்கி வந்த பொருளை நேராக ஹாலுக்குக் கொண்டுபோகாமல் இந்தப் படியைத் தாண்டி உள்ளே விடுங்கள். மாமியாருக்கும் அது நிம்மதி தரும்.

உங்கள் கணவரிடம்

ஒரே நாளில் எல்லாவற்றையும் வாரிப் போடுவதில் தூசு கிளம்பும், கண்ணாடி உடையும், பேட்டரிகள் எங்கேயாவது உருளும். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டி, இருவரும் உட்கார்ந்து பொருட்களைப் பிரித்துப் பாருங்கள். உரிவது, பேட்டரி மூடி தளர்ந்தது, குழந்தை கடித்தது, மூன்றும் வெளியே. கை எட்டும் உயரத்தில் இருக்கும் பெயின்டும் பீங்கானும் பித்தளையும் மேலே. 3 வயதுவரை, சுமார் 32 மில்லிமீட்டர் துளைக்குள் நுழையும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது, அதனால் அந்த அளவுக்குச் சின்ன சாமான்கள் எல்லாம் மூடிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். இவ்வளவு செய்தபின் மீதி இருப்பவை இருக்கட்டும். வெளியேற்றுபவற்றை யாருக்கும் தானமாகக் கொடுத்துவிடாதீர்கள், கடைக்கே திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். இன்னொரு வீட்டிலும் தவழும் குழந்தை இருக்கும்.

இனி வாங்குவதற்கு ஆசை வந்தால், பிரசவம் ஆகும்வரை பெயின்ட் இல்லாத மரம், நிறமில்லாத சாதாரணக் கண்ணாடி, துவைக்கக்கூடிய பருத்தித் துணி, கூடைகள், கல், எவர்சில்வர் இவற்றைத் தேடுங்கள். எதையும் சுரண்ட வேண்டியதில்லாமல் அப்படியே அழகாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெயின்ட் அடிக்கும் வேலையை, குழந்தைகள் இருவரும் எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதைத் தாண்டிய பிறகு, வீட்டுக்கு வெளியே, ஈரமாக்கித் தேய்த்துத் தொடரலாம்.

ரத்தப் பரிசோதனை முடிவு 5-ஐத் தாண்டி வந்தால், மறுபரிசோதனைத் தேதியையும் மருத்துவரிடம் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.